எப்சம் உப்பு போட்டும் இலை பச்சையாகவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நாட்டு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று கேட்டாலும், உரக்கடையில் மெக்னீசியம் சல்பேட் என்று கேட்டாலும், நர்சரியில் எப்சம் சால்ட் என்று கேட்டாலும் கைக்கு வருவது ஒரே உப்புதான். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் இது ஒரு பாக்கெட்டாவது இருக்கும். இலை மஞ்சளா, எப்சம் போடு. பூ கொட்டுகிறதா, எப்சம் போடு. ரோஜா மொட்டு விடவில்லையா, அதற்கும் எப்சம். இப்படி எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக இது ஆகிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு. சரியான குறைக்குக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் பலன் தெரிகிற உப்பு இது. வேறு குறைக்குக் கொடுத்தால் நாள்தான் வீணாகும், அதற்குள் செடி கை நழுவிவிடும்.

இதில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒரு கிலோ எப்சம் உப்பில் ஏறக்குறைய 100 கிராம் மெக்னீசியம், 130 கிராம் கந்தகம். பாதிக்கு மேல், அதாவது 510 கிராம் அளவுக்கு, படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் தண்ணீர். மிச்சம் ஆக்சிஜன். அவ்வளவுதான். தழைச்சத்து (நைட்ரஜன்) கிடையாது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடையாது, சாம்பல் சத்து (பொட்டாசியம்) கிடையாது, சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் கிடையாது. மண் புளிப்பா காரமா என்று காட்டும் பி.எச். அளவையும் இது பெரிதாக ஏற்றவோ இறக்கவோ செய்யாது. ஆகவே "ரோஜாவுக்கு மண்ணைப் புளிப்பாக்க எப்சம் போடுகிறேன்" என்றால் அது நடக்காது.

பாக்கெட்டைப் பிரிக்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, மஞ்சள் முதலில் தட்டியது அடி இலையிலா, கொழுந்திலா? இரண்டு, செடிக்கு ஊற்றுவது போர் தண்ணீரா, மழைநீரா, ஆர்.ஓ. தண்ணீரா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்கிறது, இடையில் மட்டும் மஞ்சள்

எப்சம் உப்புக்கு உரிய இடம் இதுதான். சந்தேகமாக இருந்தால் ஒரு இலையைக் கிள்ளி வானத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். நடு நரம்பும் அதிலிருந்து கிளைக்கும் நரம்புகளும் நல்ல பச்சையாக, மீன் முள் போலத் தெரியும். முள்ளுக்கு நடுவே உள்ள சதை எலுமிச்சை மஞ்சளாக வெளிறியிருக்கும். நாள் ஆக ஆக அந்த மஞ்சளில் பழுப்புத் திட்டுகள் விழும். கத்தரியிலும் தக்காளியிலும் இது மிகத் தெளிவாகத் தெரியும். எலுமிச்சை, நாரத்தை வகைகளில் இலையின் காம்புப் பக்கம் பச்சை ஒரு அம்பு முனையாக மிஞ்சி நிற்கும், நுனியும் ஓரமும் மஞ்சளாகிவிடும். தென்னையில் பழைய மட்டைகள் மஞ்சளாகும். வெயில் படும் கீற்றுப் பகுதி மஞ்சளாகவும் நிழலில் மறைந்த பகுதி பச்சையாகவும் இருந்தால் மெக்னீசியம் குறைதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பருத்தியில் மஞ்சளோடு நிற்காமல் இலை சிவந்துவிடும். ஆனால் பருத்தி இலை தத்துப்பூச்சி தாக்கினாலும் சிவக்கும், எனவே இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

அடி இலையில் ஏன் முதலில் வருகிறது? பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. செடிக்குள் மெக்னீசியம் இடம் மாறக்கூடியது. வேர் வழியாகப் போதுமான அளவு வராதபோது, செடி தன் பழைய இலைகளில் இருப்பதைப் பிரித்து எடுத்துக் கொழுந்துக்கும் காய்க்கும் அனுப்பிவிடும். பழைய இலை வெளிறுவது அதனால்தான். காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது இந்த அறிகுறி திடீரென்று கூடுவதற்கும் இதுவே காரணம்.

செய்ய வேண்டியது: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், எப்சம் உப்பைக் கரைத்து இலையின் இரு பக்கமும் நனையும்படி தெளியுங்கள். காலையில் வெயில் ஏறும் முன்போ, மாலை நாலரைக்கு மேலோ தெளிப்பது நல்லது. வேருக்கும் கொடுக்க நினைத்தால் இதே கரைசலில் ஒரு பைக்கு அரை லிட்டர் போதும். பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை கொடுத்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். மாதா மாதம் வழக்கமாகக் கொடுக்கிற உரம் இல்லை இது.

பலனை எங்கே தேடுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழுப்பேறிய இலை மறுபடி பச்சையாகாது. லேசாக வெளிறிய இலைகள் ஓரளவு தேறும். உண்மையான அடையாளம், மஞ்சள் மேல்நோக்கி ஏறுவது நின்றுவிடுவது. முதல் நாளே மஞ்சள் தொட்டிருக்கும் கடைசி இலைக்கு மேலே தண்டில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து நூலுக்கு மேலே உள்ள இலைகள் பச்சையாகவே இருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது.

இன்னொன்று. தக்காளி, கத்தரி காய்த்து ஓய்கிற பருவத்தில் அடியில் ஒன்றிரண்டு இலைகள் மஞ்சளாகி விழுவது இயல்பு. அதற்கு எதுவும் செய்ய வேண்டாம், கிள்ளிப் போட்டுவிடலாம்.

எப்சம் கொடுத்தால் சரியாகிறது, ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது

இந்தத் தொல்லை மாடித்தோட்டத்தில்தான் அதிகம். காரணம் பெரும்பாலும் மெக்னீசியம் இல்லாதது அல்ல, பொட்டாசியம் மிதமிஞ்சிக் கிடப்பது.

மெக்னீசியம், பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் எல்லாம் வேரில் நுழைய ஒன்றோடொன்று போட்டி போடுகிறவை. பொட்டாசியம் கூடினால் மெக்னீசியம் பின்னுக்குத் தள்ளப்படும். இப்போது ஒரு சராசரி மாடித்தோட்டப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்குப் பாதி தேங்காய் நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கமிருந்து 5 கிலோ கட்டிகளாக வருகிறதே, அதுதான். தென்னை நாரில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும். அதை ஊற வைத்து, பிழியாமல், அப்படியே பையில் நிரப்புகிறோம். அடுத்து வாழைப்பழத் தோலை ஊற வைத்த தண்ணீர் ஊற்றுகிறோம். அதிலும் பொட்டாசியம். பூச்சிக்கென்று அடுப்புச் சாம்பல் தூவுகிறோம். அதிலும் பொட்டாசியம். இதற்கு மேல் 19:19:19 உரத்தைக் கரைத்து விடுகிறோம். அதில் தழை, மணி, சாம்பல் மூன்றும் சம அளவில் உண்டு, மெக்னீசியம் கிடையாது. எல்லாம் நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் செடியின் பக்கமிருந்து பார்த்தால் நாலு வழியில் பொட்டாசியம் வந்து குவிகிறது, மெக்னீசியம் அந்த அளவுக்கு வரவில்லை.

நார்க்கழிவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாரின் மேற்பரப்பு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிடித்து வைத்திருக்கும். நீங்கள் கொடுக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், பதிலுக்குப் பொட்டாசியமும் சோடியமும் விடுபட்டு வெளியே வரும். அதனால் ஆரம்ப வாரங்களில் நீங்கள் ஊற்றும் எப்சத்தில் ஒரு பங்கு செடிக்குப் போகாமல் நாருக்கே போகிறது. வெறும் தண்ணீரில் அலசினால் கரைந்திருக்கும் உப்பு மட்டுமே போகும், நாரைப் பிடித்திருக்கும் உப்பு போகாது. ஏற்றுமதிக்குத் தயாரிப்பவர்கள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் நார்க்கழிவை ஊற வைத்து அலசுவது இதற்காகத்தான்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? புதுப் பை நிரப்புவதாக இருந்தால் கட்டி வாங்கும்போதே லோ ஈ.சி., அதாவது உப்பு குறைந்தது, என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை மூன்று முறை ஊற வைத்து, ஒவ்வொரு முறையும் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிப் பிழியுங்கள். கையில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் பிழிந்த தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, வீட்டுத் தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வரும்வரை அலசலாம். நார்க்கழிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் செம்மண்ணும் மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கலந்து நிரப்புங்கள். ஏற்கெனவே செடி வளர்ந்துவிட்ட பை என்றால் ஒரு நாள் பையின் அடித் துளை வழியாகத் தாராளமாக ஒழுகும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை இறக்குங்கள். அடுத்த நாள் எப்சம் கரைசல். அப்புறம் இரண்டு மாதத்துக்கு வாழைத்தோல் தண்ணீரும் சாம்பலும் வேண்டாம். பெரும்பாலான தோட்டங்களில் இந்த நிறுத்தல் ஒன்றே மாதா மாதம் எப்சம் கொடுக்கும் தேவையைப் போக்கிவிடும்.

தண்ணீரையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். கடினம் என்றால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கிறது என்றுதான் பொருள். அத்தகைய தண்ணீர் ஊற்றும் தோட்டத்தில் மெக்னீசியம் குறை வருவது குறைவு. மழைநீர், ஆர்.ஓ. தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் ஆகியவற்றில் இது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இவற்றையே நம்பியிருக்கும் தோட்டத்தில், அதுவும் நார்க்கழிவுப் பையில், குறை சீக்கிரம் தலைகாட்டும்.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலைப்பகுதி மண்ணுக்குக் கணக்கு வேறு. அங்கே மண் அமிலத்தன்மை கொண்டது, மழை மெக்னீசியத்தை அரித்துக் கீழே கொண்டுபோய்விடும். அங்கே எப்சத்தை விட டோலமைட் சுண்ணாம்பு நல்லது. கால்சியமும் மெக்னீசியமும் கிடைக்கும், புளிப்பும் குறையும், பல மாதம் நின்று வேலை செய்யும். சமவெளியில் ஏற்கெனவே காரமாக இருக்கும் மண்ணில் டோலமைட் போடாதீர்கள்.

கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

பார்க்க முந்தையது போலவே இருக்கும். ஆனால் இது மேலே இருக்கிறது, அடி இலைகள் நல்ல பச்சை. இது இரும்புச் சத்துக் குறை. இரும்பு மெக்னீசியத்தைப் போல இடம் மாறாது. பழைய இலையில் இருப்பது அங்கேயே கிடக்கும், புது இலை பட்டினி கிடக்கும். இட்லிப்பூ, ரோஜா, கறிவேப்பிலை, செம்பருத்தி இவற்றில் அடிக்கடி பார்க்கலாம். குறை முற்றினால் கொழுந்து கிட்டத்தட்ட வெள்ளையாகவே வரும்.

இதற்கு எப்சம் ஊற்றினால் ஒரு பயனும் இல்லை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், காரத் தண்ணீரால் அது கரையாமல் பூட்டப்பட்டிருக்கும். உடனடித் தீர்வு இலைவழித் தெளிப்பு: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட், அதோடு 1 கிராம் சிட்ரிக் அமிலம். அது கிடைக்காவிட்டால் அரை மூடி எலுமிச்சம்பழம். கரைத்த உடனே தெளிக்க வேண்டும். அன்னபேதி வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். காவி நிறமாக மாறியிருந்தால் அது துருப்பிடித்த சரக்கு, வாங்காதீர்கள். தரையில் சிந்தினால் கறை போகாது, டைல்ஸ் மேல் வைத்துத் தெளிக்க வேண்டாம். இரும்புச் செலேட் என்று உரக்கடையில் கிடைப்பது இன்னும் நல்லது, விலைதான் கொஞ்சம் கூட.

நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது கவனம் தேவை. பேதி உப்பு வெள்ளை, அன்னபேதி பச்சை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று பொட்டலத்தில் வந்துவிடலாம். வாங்கும்போதே பிரித்து நிறம் பார்த்துவிடுங்கள்.

கொழுந்து முழுக்க ஒரே சீராக வெளிர்

நரம்பும் சேர்த்து மொத்தக் கொழுந்தும் வெளிர் பச்சையாக இருந்தால் கந்தகக் குறையாக இருக்கலாம். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், வெங்காயம், நிலக்கடலை இவையெல்லாம் கந்தகம் அதிகம் கேட்பவை. இங்கே எப்சம் உதவும், ஆனால் உதவுவது அதிலுள்ள மெக்னீசியம் அல்ல, கந்தகம். அளவு முன்பு சொன்னதேதான்.

அடி இலை நரம்போடு சேர்த்து முழு மஞ்சள்

தழைச்சத்துக் குறை. செடியே மெலிந்து, மொத்தத்தில் வெளிறித் தெரியும். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊற வைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள், மண்புழு உரம் இரண்டு கை போடுங்கள். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்படி ஆனால் முதலில் பையைத் தூக்கி அடித் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் இதே மஞ்சள்தான் வரும். அப்போது எந்த உரமும் கூடாது.

நரம்பு மஞ்சள், சதை பச்சை

மெக்னீசியம் குறைக்கு நேர் எதிரான படம். வெண்டையில் இப்படி வலை பின்னியது மாதிரி நரம்பு மஞ்சளாகத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். காயும் மஞ்சளாகிச் சிறுத்துவிடும். எந்த உப்பும், எந்தக் கரைசலும் இதைக் குணப்படுத்தாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், பக்கத்துச் செடிகளுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். மனசு கேட்காமல் ஒரு செடியைக் காப்பாற்றப் போய் வரிசை முழுவதையும் இழப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

ஊசி குத்தியது போலப் பொடிப் பொடிப் புள்ளிகளாக மஞ்சள் தெரிந்து, இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் அது சிலந்திப்பேன். அதற்கும் எப்சத்துக்கும் சம்பந்தம் இல்லை. தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க வேண்டும்.

இலை ஓரமும் நுனியும் கருகுகிறது

அடி இலைகளின் ஓரம் தீய்ந்து பழுப்பானால் பொட்டாசியம் குறை என்று புத்தகம் சொல்லும். நிலத்தில் அது சரி. நார்க்கழிவுப் பையில் பெரும்பாலும் அது உப்பு மிகுதி. பையின் மேல் வெள்ளைப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வெள்ளையில் கொஞ்சம் சுரண்டி ஒரு தட்டில் வைத்து வினிகர் இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது கடினத் தண்ணீர் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவு. நுரைக்காவிட்டால் உர உப்பாக இருக்கலாம், அடிக்கடி ஊற்றிய எப்சமும் அதில் சேரும். எதுவாக இருந்தாலும் மேல் மண்ணை அரை அங்குலம் சுரண்டி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரால் பையை அலசி இறக்குங்கள். உரத்தை மூன்று வாரம் நிறுத்துங்கள்.

தக்காளிக் காயின் அடி கறுத்து அமுங்குகிறது

இதற்கு எப்சம் போடச் சொல்லும் ஆலோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். உதவாது என்பது மட்டுமல்ல, கெடுதலும் செய்யும். இது காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. மெக்னீசியத்தைக் கூட்டினால் வேரில் கால்சியத்தோடு போட்டி அதிகமாகி நிலைமை மோசமாகும்.

பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், அதைக் காய்க்கு எடுத்துப்போகத் தண்ணீர் ஓட்டம்தான் சீராக இருக்காது. ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் குளிப்பாட்டுகிற பையில்தான் இது வரும். வெயில் காலத்தில் காலை, மாலை இரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேலே காய்ந்த இலைச் சருகு மூடாக்குப் போடுங்கள். தேவைப்பட்டால் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் வேருக்குக் கொடுக்கலாம். முட்டை ஓட்டுத் தூள் கரைய மாதக்கணக்கில் ஆகும், அடுத்த பயிருக்கு வேண்டுமானால் உதவும். கறுத்த காயைப் பறித்துவிடுங்கள், அது தேறாது.

பூ கொட்டுகிறது

சித்திரை வெயிலில் பகல் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ உதிரும். மிளகாயிலும் வெக்கை கூடினால் இதே கதைதான். இது வெப்பத்தின் வேலை. நிழல்வலை கட்டுங்கள், தண்ணீரைச் சீராகக் கொடுங்கள், ஆடிப்பட்டம் வரை பொறுங்கள். ரோஜா மொட்டு விடாததற்குக் காரணம் பெரும்பாலும் ஆறு மணி நேர வெயில் கிடைக்காததும் கவாத்து பண்ணாததும்தான்.

தெளித்த இரண்டு நாளில் இலையில் தீய்ந்த பொட்டுகள்

கரைசல் அதிகக் கெட்டி, அல்லது உச்சி வெயிலில் தெளித்திருக்கிறீர்கள். துளி இலை மேல் நின்று காயும்போது தண்ணீர் போய் உப்பு செறிந்துகொண்டே வரும், அது இலையைச் சுடும். துளி விழுந்து தேங்கிய நுனியில்தான் பொட்டு அதிகம் இருக்கும். மாலையில் வெறும் தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். அடுத்த முறை லிட்டருக்கு 5 கிராமைத் தாண்ட வேண்டாம், நாற்றுக்கும் இளம் செடிக்கும் அதில் பாதி. வயலில் இதைவிடக் கூடிய அளவில் தெளிப்பது உண்டு, அது பயிரையும் வயதையும் பொறுத்துப் பரிந்துரைப்பது. அதை அப்படியே தொட்டிச் செடிக்குக் கொண்டுவராதீர்கள்.

கரைசல் திரிந்துபோகிறது, தெளிப்பான் அடைக்கிறது

எப்சம் தண்ணீரில் மிகச் சுலபமாகக் கரையும், கரைசல் தெளிவாக இருக்கும். திரிந்தால் வேறு எதையோ அதோடு கலந்திருக்கிறீர்கள்.

வழக்கமான குற்றவாளி சோப்பு. வேப்பெண்ணெய் கலக்கக் காதி சோப்புக் கரைசல் ஊற்றுவது எல்லோரும் செய்வது. அதே தெளிப்பானில் "ஒரே வேலையாக முடியட்டும்" என்று எப்சத்தையும் போட்டால், மெக்னீசியம் சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பொருளாகிவிடும். பால் திரிந்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும், நுரை அடங்கிப்போகும், எண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்கும். அந்தக் கலவையைத் தெளித்தால் துணுக்கு முனையை அடைக்கும், பிரிந்த எண்ணெய் திட்டாக விழுந்து இலையைக் கருக்கும். சோப்பும் வீண், எப்சமும் வீண். கொட்டிவிட்டுத் தெளிப்பானை வெந்நீரில் கழுவுங்கள். இரண்டையும் மூன்று நாள் இடைவெளி விட்டுத் தனித்தனியே தெளியுங்கள்.

இன்னொன்று கால்சியம் நைட்ரேட். அதையும் எப்சத்தையும் கெட்டியாகக் கரைத்து ஒன்றாகக் கலந்தால் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், உருவாகி அடியில் வெள்ளையாகப் படியும். மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் செய்பவர்கள் ஏ, பி என்று இரண்டு தொட்டி வைத்துக் கால்சியம் நைட்ரேட்டை ஒன்றிலும் எப்சத்தை மற்றொன்றிலும் கரைப்பது இதைத் தவிர்க்கத்தான்.

பாக்கெட்டில் கட்டியாகிவிட்டது, அல்லது மாவாகிவிட்டது

இரண்டும் கெட்டுப்போனதாகாது. ஈரக் காற்றில் படிகங்கள் ஒட்டிக் கட்டியாகும், உடைத்துப் போட்டால் கரைந்துவிடும். வறண்ட சூட்டில் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் வெளியேறி, கண்ணாடி மாதிரி இருந்த படிகம் வெள்ளை மாவாகும். 48 டிகிரியைத் தாண்டினால் ஏழு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கழன்றுவிடும். மாடியில் தகர டப்பாவில் வைத்தால் மே மாதத்தில் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். மாவாகிப் போனதில் தண்ணீர் குறைந்திருப்பதால் அதே ஒரு கிராமில் மெக்னீசியம் சற்றே கூடுதலாக இருக்கும், எனவே அளவைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வீட்டுக்குள் வையுங்கள்.

உரக்கடையில் வாங்கியதை வயிற்றுக்கோ வேறு வைத்தியத்துக்கோ எடுக்கக் கூடாது. அதன் தூய்மை மனிதருக்கானது அல்ல. மருந்தாகச் சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூடாது, அதிலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உடம்பில் மெக்னீசியம் தேங்கி ஆபத்தாகலாம். டப்பா மேல் "செடிக்கு" என்று பெரிதாக எழுதி, சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள். பார்ப்பதற்குக் கல் உப்பும் சர்க்கரையும் மாதிரியே இருக்கும்.

வாங்கியது எப்சம்தானா?

உரக்கடையில் ஜிங்க் சல்பேட்டும் இதே போல வெள்ளைப் படிகமாகத்தான் இருக்கும். கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். விலை கூடிய ஜிங்க் சல்பேட்டில் விலை குறைந்த எப்சத்தைக் கலப்பது தெரிந்த கலப்படம். நமக்கு ஆபத்து வேறு பக்கம்: எப்சம் என்று நினைத்து ஜிங்க்கை அதே அளவில் ஊற்றினால் தொட்டிச் செடிக்கு நஞ்சாகும். சோதனை எளிது. டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டு, மேல் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுங்கள். சந்தேக உப்பின் கரைசலை அதில் ஊற்றுங்கள். கெட்டியாகத் திரிந்து வெள்ளை படிந்தால் ஜிங்க் சல்பேட். திரியாமல் இருந்தால் எப்சம்.

எல்லாம் செய்தும் மூன்று வாரமாக மாற்றமே இல்லை

ஒரே வகைச் செடி நான்கு இருந்தால் இரண்டுக்கு மட்டும் எப்சம் தெளித்து இரண்டை விட்டுவிடுங்கள். பதினைந்து நாளில் இரண்டு ஜோடிக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் குறை மெக்னீசியத்தில் இல்லை, மேற்கொண்டு ஊற்ற வேண்டாம். தொட்டியிலிருந்து செடியை மெதுவாக உருவி வேரைப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் சத்துப் பிரச்சினை. பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று வந்தால் வேரழுகல். மணி மணியாக முடிச்சு விட்டிருந்தால் நூற்புழு. இந்த இரண்டிலும் வேர் எதையும் உறிஞ்சாது, மேலே என்ன தெளித்தாலும் அரைகுறைதான்.

வேர் நன்றாக இருந்தும் புரியவில்லை என்றால், மாவட்டத்திலுள்ள அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கக் கொடுங்கள். நாலைந்து பைகளிலிருந்து ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோவைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோனால் போதும். தண்ணீர் என்றால் மோட்டார் ஐந்து நிமிடம் ஓடிய பிறகு, அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை இரண்டு முறை அலசிவிட்டு ஒரு லிட்டர் பிடியுங்கள். பி.எச்., ஈ.சி. இரண்டும் கட்டாயம் வேண்டும் என்று கேளுங்கள். கடைசியாக எந்தத் தேதியில் என்ன உரம் போட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.